கொல்லிமலை இறக்கம்

கொல்லிமலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்த யாரைக் கேட்டாலும் ஏறிய கதையைத்தான் சொல்வார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போனது, காது அடைத்தது, பாதி மலையில் குளிர ஆரம்பித்தது, மேலே நின்று பார்த்தபோது தாங்கள் வந்த சாலை மடிப்பு மடிப்பாகக் கீழே தெரிந்தது. எனக்கோ அந்த மலையில் நினைவில் நிற்பதெல்லாம் இறங்கிய பொழுதுகள்தான். வண்டி ஓட்டுவது என்றால் என்ன என்று நான் படித்துக்கொண்டது அந்த இறக்கத்தில். சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா.

அவர் லாரி டிரைவர். நாமக்கல் வட்டாரத்தில் அது அரிய தொழில் இல்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கும் பேர்போன ஊர் அது. எங்கள் தெருவில் லாரியோடு சம்பந்தமில்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரியப்பா வடக்கே தூர தூரமான ஊர்களுக்கெல்லாம் லோடு அடித்தவர். இடுப்பு வலி வந்த பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஊரோடு இருந்துகொண்டார். அவரிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலுக்குக் கொண்டுவர, குதிகாலால் தட்டும் ஒரு சின்ன லீவர் தனியாக இருக்கும். இப்போது வரும் வண்டிகளில் பழகியவர் அதில் உட்கார்ந்தால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்.

நாமக்கல், சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1997-இல். அதற்குக் கொஞ்ச காலம் கழித்து, நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், மாதத்துக்கு ஒருமுறையாவது பெரியப்பா மலைக்குப் போக வேண்டும் என்பார். வாழவந்திநாட்டில் அவருக்குப் பழக்கமான விவசாயி ஒருவர் இருந்தார். மிளகு, சாமை அரிசி, பலாப் பருவத்தில் பலா என்று எதையாவது வாங்கிவரச் சாக்கு இருக்கும். இடுப்பு வலியால் அவர் பின்னால் உட்கார்ந்துகொள்வார், நான் ஓட்டுவேன். அப்படித்தான் அந்தப் பாடம் தொடங்கியது.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி வரைக்கும் அது சமவெளிச் சாலைதான். இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடுகளும் பாக்குத் தோப்புகளும். காரவள்ளியில் சோதனைச் சாவடி. அதைக் கடந்தால் மலை. ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள், எழுபதில் இது எத்தனையாவது என்று. ஏற்காட்டுச் சாலையில் இருபது, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் முப்பத்தாறு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது. கொல்லிமலைக்கு எழுபது. அடிவாரத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்தைச் செங்குத்தான மலைமுகத்தில் பேருந்து ஏறும் அளவுக்குச் சாய்த்துக் கொண்டுபோக வேண்டுமானால், சாலையை முன்னும் பின்னுமாக மடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஏறும்போது பெரியப்பா அதிகம் பேசமாட்டார். ஏறுவதைப் பற்றி அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை. “ஏத்தறது வண்டியோட வேல, எறக்கறது ஆளோட வேல” என்பார். மேலே போகப் போக வெப்பம் ஆறு டிகிரியாவது குறைந்துவிடும். காற்றும் மெலிந்துவிடும். ஆயிரம் மீட்டருக்கு மேல் வந்தால் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவதால், கார்புரேட்டர் வண்டிக்கு அதே அளவு சத்தும் குறையும். புல்லட் முனகிக்கொண்டு ஏறும். இரண்டாவது கியரில் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு, வளைவில் தேவைப்பட்டால் முதலுக்கு மாற்றினால் போதும். இழுக்காத வண்டி அங்கேயே நின்றுவிடும், அவ்வளவுதான். ஏற்றத்தில் சாலை தவறுகளை மன்னிக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டாலே வேகம் தானாகச் செத்துவிடும்.

இறக்கத்தில் அப்படி இல்லை. முதல் தடவை மலைமேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊரைத் தாண்டி இறங்கத் தொடங்கியபோதே பின்னாலிருந்து குரல் வந்தது.

“எந்தக் கியர்ல ஏறுன கண்ணு?”

“ரெண்டுலீங் பெரிப்பா.”

“அப்ப ரெண்டுலயே எறங்கு. அந்தச் சின்ன லீவரக் காலால தொட்டுப்போடாத.”

நியூட்ரல் லீவரைத்தான் சொன்னார். லாரிக்காரர்களின் பழைய விதி இது: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாயை அவர் எண்ணற்ற முறை கடந்தவர். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து, பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகளின் மேல் ஏறிய லாரிகளை அங்கே பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சு வந்தாலே அவர் முகம் மாறிவிடும். பிரேக் லைனிங் கருகும் நாற்றத்தை அரை மைல் தூரத்திலேயே மூக்கு கண்டுகொள்ளும் என்பார். அந்த நாற்றம் வந்தால் ஓரம்கட்டி அரை மணி நேரம் நிறுத்து, தண்ணீரை ஊற்றாதே, தானாக ஆறட்டும் என்பதும் அவர் சொன்னதே. சூடேறிய இரும்பு டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். புல்லட்டும் இரண்டு ஆட்களும் சேர்ந்தால் முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்த எடை ஆயிரம் மீட்டர் கீழே இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் முப்பது லட்சம் ஜூல். ஒரு பெரிய அண்டாவில் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூடு அது. இறங்கும் நேரத்துக்குள் இந்தச் சூடு முழுக்க எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினால், கையகலமுள்ள இரண்டு டிரம்களுக்குள் ஒட்டியிருக்கும் லைனிங்குகள்தான் ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்க வேண்டும். கியரில் இறங்கினால், சக்கரம் என்ஜினைச் சுற்ற வைக்கிறது. மூடிய ஆக்சிலேட்டரை எதிர்த்து பிஸ்டன் காற்றை இழுக்கத் திணறுகிறது. அந்தத் திணறலில் பெரும்பகுதி ஆற்றல் கரைந்துவிடுகிறது. பிரேக் என்பது வளைவுக்கு முன்னால் கடைசியாக வேகத்தை அறுக்க மட்டும்.

பெரியப்பாவின் கை எப்போதும் என் வலது தோளில் இருக்கும். பேச்சு காற்றில் கேட்காது என்பதால் விரலால்தான் பாடம். ஒருமுறை தட்டினால் வேகத்தைக் குறை. இரண்டு முறை தட்டினால் ஹார்ன் அடி. அழுத்திப் பிடித்தால் நிறுத்து. வளைவுக்கு முன்பே பிரேக் வேலை முடிந்துவிட வேண்டும், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தொடக் கூடாது, துளி ஆக்சிலேட்டர் கொடுத்து வண்டியை நிலையாக வைத்துத் திருப்ப வேண்டும் என்பதை அந்த விரல்கள்தான் என் உடம்புக்குள் ஏற்றின. ஆரம்பத்தில் எனக்கு முன் சக்கரத்துக்கு எதிரே இருக்கும் தார் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். “நீ பாக்கற எடத்துக்குத்தான் வண்டி போவும். பள்ளத்தப் பாத்தா பள்ளத்துக்குப் போவும். வளைவு முடியற எடத்தப் பாரு” என்று ஒரு நிறுத்தத்தில் சொன்னார். அடுத்த வளைவில் தலையைத் திருப்பிச் சாலை வெளியேறும் இடத்தைப் பார்த்தேன். கைகள் தாமாகவே அங்கே திரும்பின. அந்த வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை.

எல்லா வளைவும் ஒன்றல்ல. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். இறங்கும்போது இடது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு உள்வட்டம் கிடைக்கிறது. அங்கே சரிவு வெளிவட்டத்தைவிடச் செங்குத்து, வட்டமும் சின்னது. மழை அரித்துக்கொண்டுவந்த மணலும் சரளையும் அந்த உள்மூலையில்தான் சேரும். வலது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம். இடம் நிறைய இருக்கிற மாதிரி தோன்றும். ஆனால் ஏறிவரும் பேருந்துக்கு அது உள்வட்டம். அதன் பின்சக்கரம் உள்பக்கக் கல்லில் ஏறாமலிருக்க, டிரைவர் முதலில் வெளிப்பக்கம் அகலமாகப் பிடித்துத்தான் திருப்ப முடியும். அதாவது நம் பாதிக்குள் வந்துதான் திருப்புவார். அது அவர் செய்யும் அத்துமீறல் அல்ல. வண்டியின் நீளம் அப்படி. அதனால்தான் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹார்ன் அடித்துவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டும். பதில் ஹார்ன் வருகிறதா, கீழே கியர் மாற்றும் உறுமல் கேட்கிறதா என்று. மலைச் சாலையில் கண்ணுக்கு முன்னால் காது போக வேண்டும். ஒலிப்பான் மரியாதைக் குறைவாகிவிட்ட நகரத்திலிருந்து வருகிறவர்கள் இங்கே வாய்மூடி வளைவுக்குள் நுழைவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டீசல் கசிவையும் பெரியப்பாவே காட்டினார். டேங்க் நிரம்பிய லாரியோ பேருந்தோ கூர்மையான வளைவில் சாயும்போது மூடி வழியாகக் கொஞ்சம் சிந்திவிடும். தார்ச்சாலையில் வானவில் நிறத்தில் ஒரு பட்டை தெரியும். கோடையின் முதல் மழை பெய்த அன்று சாலையில் படிந்திருந்த எண்ணெயெல்லாம் மேலே மிதந்து வரும். நன்றாகக் கழுவிப் பெய்த மழைக்குப் பிறகு இறங்கலாம். முதல் தூறலில் இறங்கக் கூடாது. வாழவந்திநாட்டு விவசாயி வீட்டுத் திண்ணையில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு, மழை வலுக்கட்டும் என்று நாங்கள் காத்திருந்த மாலைகள் உண்டு. காத்திருப்பதையும் வண்டி ஓட்டுவதில் ஒரு பகுதியாகவே அவர் வைத்திருந்தார்.

மேலே போனால் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்க்காமல் திரும்பமாட்டார். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்கு உரியவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தான் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடிய வேட்டுவன் அவன்தான். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனைப் போரில் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த மலையமான் காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள் என்பதை நான் தமிழ்ப் பாடத்தில் படித்தபோது வெறுமனே கடந்து போனேன். புல்லட்டில் இந்த மலையை இறங்கப் பழகிய பிறகுதான் அது எனக்கு நெருக்கமாயிற்று. வண்டியும் நானும் வேறு வேறாக இருந்த வரைக்கும் ஒரு வளைவுகூட எனக்குச் சரியாக அமையவில்லை. ஆடி பதினெட்டையொட்டி ஓரி விழா நடக்கும் நாட்களில் மலைச் சாலை முழுக்க வண்டிகள்தான். அந்த நாட்களில் பெரியப்பா என்னைப் புல்லட்டை எடுக்கவே விடமாட்டார். “பஸ்ஸுல போலாம்” என்றுவிடுவார்.

அப்படிப் பேருந்தில் போகும்போதுதான் அந்தச் சாலை யாருடையது என்று எனக்குப் புரிந்தது. மலையின் மேல் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பள்ளத்தாக்குகளில் நெல், மேட்டில் சாமையும் தினையும், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகு, அதன் நிழலில் காப்பி, அன்னாசி, வாழை, பலா என்று விளைவிப்பவர்கள். மேலே சோளக்காட்டுச் சந்தை போக, மீதி விளைச்சலில் பெரும்பகுதி இந்த எழுபது வளைவு வழியாகத்தான் சமவெளிக்கு இறங்கும். மேலே கிடைக்காத மருந்து, சிமெண்டு, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் பெரும்பாலும் இதே வழியாகத்தான் ஏறும். பேருந்தில் ஒரு பாட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு மடியில் இருந்த பேரனின் தலையை அடுத்த பக்கம் மாற்றி மாற்றி அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவையும் அவர் பார்க்கவில்லை. உடம்புக்கு எல்லாம் மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். கீழே ஹார்ன் கேட்டது, பெரியப்பாவின் பிடி தோளில் இறுகியது. வளைவுக்கு மேலேயே இடது ஓரமாக நிறுத்தினேன். எங்களுக்குப் பின்னால் வந்த கார் நிற்கவில்லை. எங்களைக் கடந்து வளைவுக்குள் இறங்கி, பாதி திரும்பியிருந்த பேருந்துக்கு எதிரே போய் முகத்தோடு முகமாக நின்றது. பேருந்து அந்தச் சரிவில் நிற்க வேண்டியதாயிற்று. கண்டக்டர் குதித்து இறங்கி ஒரு பெரிய கல்லை உருட்டிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். காரைப் பின்னால் எடுக்கச் சொல்லி விசில் மேல் விசில். ஏற்றத்தில் பின்னால் எடுக்கத் தெரியாமல் அந்தக் கார்க்காரர் தவித்தார். கிளட்ச் கருகும் நாற்றம் எங்கள் வரைக்கும் வந்தது. பேருந்தின் ஜன்னல்களில் சந்தைப் பைகளோடு பெண்கள், காலில் புதுக் கட்டோடு ஒரு முதியவர். நாமக்கல்லில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. நிறைய நேரம் கழித்துத்தான் வழி விலகியது. பேருந்து எங்களைக் கடந்தபோது டிரைவர் பெரியப்பாவைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். பெரியப்பாவும் கையை உயர்த்தினார். இருவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது.

மலைச் சாலையில் அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நாட்டின் சாலை விதியிலேயே இருக்கிறது. 1989 விதிகளில் இருந்தது, 2017-இல் வந்த புதிய ஒழுங்குமுறையிலும் இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற கனரக வண்டியை மறுபடி நகர்த்துவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி. இன்று இதை மனதில் வைத்து ஓட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

இப்போதும் போகிறேன், வேறு வண்டியில். கியர் இடது காலுக்கு வந்துவிட்டது, முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய மோட்டார் சைக்கிள்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம், பல உயிர்களைக் காக்கிறது. ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. மணலிலும் டீசலிலும் இல்லாத பிடிப்பை அது உண்டாக்கித் தராது. வார இறுதிகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர்கள் கூட்டமாக வருகிறார்கள். ஹெல்மெட்டில் கேமரா, முழங்காலுக்குக் கவசம், விலை உயர்ந்த வண்டிகள். அவர்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். இந்த மலையை யார் பார்த்தாலும் நல்லதே. ஆனால் எழுபது வளைவை எத்தனை நிமிடத்தில் இறங்கினோம் என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது ஒரு கணக்கைச் சொல்லத் தோன்றும். பதினைந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வண்டி சுமார் 12 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வளைவில் 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 40 டிகிரி சாய வேண்டும். பந்தயத் திடலின் தாரில் அது முடியும். மிளகு மூட்டை ஏற்றிய வண்டி அரைமணிக்கு முன்னால் போன, குரங்குகள் நடுவில் உட்கார்ந்திருக்கும், உள்மூலையில் சரளை கிடக்கும் சாலையில் முடியாது. மலைச் சாலைகளுக்கான இந்திய வடிவமைப்பு விதியே கொண்டை ஊசி வளைவுக்கு 20 கிலோமீட்டர் வேகத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். குளித்துவிட்டு அத்தனை படியும் ஏறி வந்தவர்கள், சாயங்காலம் ஆகிவிட்டதே என்று உடனே வண்டியை எடுக்கிறார்கள். தொடையும் கெண்டைக்காலும் நடுங்கிக்கொண்டிருக்கும். பிரேக்கையும் கியரையும் அந்தக் கால்தான் மிதிக்க வேண்டும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு இறங்கினால் என்ன குறைந்துவிடும்? நேரமாகிவிட்டால் மேலேயே தங்கிவிடுவது இன்னும் நல்லது. பனி இறங்கிய இரவில் அந்தச் சாலையில் வளைவுப் பலகைகளே கண்ணுக்குத் தெரியாது.

பெரியப்பாவுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது, மலைக்கு வருவதில்லை. போய்வந்தேன் என்று சொன்னால், மேலே என்ன பார்த்தாய் என்று கேட்கமாட்டார். எறக்கத்துல பிரேக் எப்படி இருந்துச்சு என்றுதான் கேட்பார்.

கொல்லிமலைக்குப் போங்கள். தவறவிடக் கூடாத சாலை அது. காரவள்ளியிலேயே நிறுத்தி இரண்டு பிரேக்கையும் டயரையும் ஒருமுறை பாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே மேலிருந்து கிளம்புங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடியுங்கள். கீழிருந்து பேருந்தின் ஹார்ன் கேட்டால் வளைவுக்கு மேலேயே இடது ஓரமாக நிறுத்தி, அதை முதலில் போக விடுங்கள். அந்தப் பேருந்தில் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் போக அந்த ஒரு வழிதான் கைக்கெட்டிய வழி.